மொட்டையனுக்கு ஒரு பெயர்

அந்த இறையியல் கல்லூரியிலேயே அதிகத் தடவை ஞானஸ்நானத்துக்குத் தூக்கிக்கொண்டு போகப்பட்டவன் மொட்டையன்தான். பழைய போர்வைத் துணியில் தைத்து, பஞ்சு அடைத்து, இடுப்புப் பக்கம் ஒரு மணல் பையைச் செருகிக் கனம் ஏற்றிய பொம்மை. தலையில் முடி கிடையாது. கண், மூக்கு, வாய் எல்லாம் கறுப்பு நூல். போதகராகப் போகிறவர்கள் குழந்தையை எப்படிக் கையில் வாங்குவது, கழுத்தை எந்தக் கையால் தாங்குவது, அந்த நேரத்தில் புத்தகத்தை என்ன செய்வது என்பதையெல்லாம் அவனை வைத்துத்தான் பழகினார்கள். சிலர் தலைகீழாக வாங்கினார்கள். ஒருவர் அவனைக் கீழே போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல ஜெபத்தைத் தொடர்ந்தார்.

"இத்தனை தடவை பேர் வெச்சும் இவனுக்கு ஒரு பேரும் ஒட்டலையே" என்று பக்கத்து வீட்டு அக்கா சொல்லுவாள். அவள் மெதுவாகச் சொன்னாலே கடைசி வரிசைவரை கேட்கும்.

குடும்பத்தோடு தங்கிப் படிக்கிறவர்களுக்கென்று கல்லூரிக்குப் பின்னால் இரண்டு மாடிக் குடியிருப்பு ஒன்று இருந்தது. அங்கே இருந்த மனைவிமார்தான் செய்முறைத் தேர்வுகளுக்குச் சபையார். திருமண ஆராதனை என்றால் அவர்களில் ஒருத்தி மணப்பெண், அடக்க ஆராதனை என்றால் எல்லோரும் துக்க வீட்டார், ஞானஸ்நானம் என்றால் ஒருத்தி தாய். ஆராதனை முறைகளைக் கற்பித்த பேராசிரியர் இரண்டு விஷயத்தில் மட்டும் மிகவும் கண்டிப்பு. பொம்மைக்கு முன்னால் வைக்கிற கிண்ணத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. எந்தப் பிள்ளைக்காவது வைத்த பெயரையோ வைக்கப்போகிற பெயரையோ சொல்லக் கூடாது. "தண்ணியும் நிஜமான பேரும் வந்துட்டா அதுக்கப்புறம் அது பயிற்சி இல்லை" என்பார். அதனால் தாய் வேடம் போடுகிறவர்கள் வாய்க்கு வந்த பெயரைச் சொன்னார்கள். போன வருடத் தேர்வில் பக்கத்து வீட்டு அக்கா, "இந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள்" என்ற கேள்விக்கு, முகத்தை வெகு பக்தியாக வைத்துக்கொண்டு "பாஸ்மார்க்" என்றாள். கேட்டது அவள் கணவர். அவரால் அதற்குமேல் ஒரு வரி படிக்க முடியவில்லை.

அன்றைக்கு எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவள் வாத்தியாரின் மனைவி. அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

வாத்தியார் என்பது அவள் கணவருக்கு வகுப்புத் தோழர்கள் வைத்த பெயர். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், ஊழியத்துக்கு அழைப்பு என்று அந்த வேலையை விட்டுவிட்டு, முன்தலை வழுக்கை விழத் தொடங்கிய வயதில் மறுபடி மாணவராக வந்து உட்கார்ந்தவர். அழைப்பு வந்ததை அவர் முதலில் அவளிடம் சொன்னபோது, "உங்களை மட்டுமா கூப்பிட்டார், இல்ல என்னையும் சேர்த்தா?" என்று கேட்டாள். "ரெண்டு பேரையும்தான். உன்கிட்ட சொல்றதுக்கு என்னை அனுப்பியிருக்கார்" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவள் கூட வந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை. காலையில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை. பிரேம்களைத் துடைத்து அடுக்குவதும், மூக்கில் உட்காராத கண்ணாடிகளைச் சூடு காட்டி வளைத்துக் கொடுப்பதும். மாலையில் வீடு. அடுப்புக்கு மேலே அவர் ஒட்டி வைத்த கிரேக்க வினைச்சொற்கள் ஆவி பட்டுச் சுருண்டுகொள்ளும். அவள் அதை விரலால் நீவிவிட்டபடியே சமைப்பாள்.

மொட்டையன் போட்டிருந்த அங்கியும் அவள் தைத்ததுதான். தன் பிள்ளைக்கென்று வாங்கிய, சின்னச் சின்ன நீலப் பூப்போட்ட துணியில் சட்டைகள் வெட்டியது போக மிச்சம் இருந்தது. "இவனும் பாவம், எத்தனை நாளைக்குக் கந்தலைக் கட்டிக்கிட்டு சபைக்கு வருவான்" என்று அவனுக்கும் ஒன்று தைத்தாள்.

பிள்ளைக்குப் பெயர் யோசித்து முடித்தபோது அவள் ஒரு நிபந்தனை வைத்தாள். ஞானஸ்நானத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று சொல்லும்வரை அந்தப் பெயரை யாருக்கும் சொல்லக் கூடாது. அவளுடைய அம்மாவுக்கு, அண்ணனுக்கு, யாருக்குமே. வாத்தியார் சத்தியம் செய்தார். சொன்ன சொல் காப்பாற்றுகிற மனிதர். அதுதான் பிறகு வினையாக வந்தது.

பிள்ளை நாள் நிறையுமுன்னே பிறந்துவிட்டான். அது ஒரு விடியற்காலை. நர்ஸ் அவனைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்துவிட்டு, பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகிற அளவுக்கு அவனுக்குத் தெம்பில்லை, ரொம்ப நேரம் இருக்கமாட்டான், கூட இருங்கள் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனாள். கட்டிலோரத்துச் சின்ன மேசையில் ஒரு டம்ளரில் தண்ணீர் இருந்தது. அவள் கணவரைப் பார்த்து, "தண்ணி ஊத்திப் பேரைச் சொல்லுங்க" என்றாள். வாத்தியார் டம்ளரைப் பார்த்தார். பிள்ளையைப் பார்த்தார். "நான் போய் முதல்வரைக் கூட்டிட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு ஓடினார்.

கல்லூரி முதல்வர் அங்கி மாட்டக்கூட நிற்காமல்தான் வந்தார். அவர்கள் இருவரும் வாசலுக்கு வந்தபோது அவள் பிள்ளையின் முகத்தைத் துணியால் மூடியிருந்தாள்.

அடக்கத்துக்கு அவளால் எழுந்து போக முடியவில்லை. போய் வந்தவர்கள் சொன்னதைத்தான் கேட்டாள். பிள்ளையின் பெயர் என்னவென்று முதல்வர் கேட்டிருக்கிறார். வாத்தியார் வாய் திறக்கவில்லை. பெயர் வைக்கவில்லை போலிருக்கிறது என்று எண்ணி, முதல்வர் "இந்தச் சிசு" என்றே ஜெபித்து முடித்துவிட்டார்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாப்பாடு நேரத்துக்கு நடந்தது. துணி துவைத்துக் காய்ந்தது. கிரேக்கச் சொற்கள் சுருண்டுகொண்டன; அவள் அவற்றை நீவுவதை விட்டுவிட்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் தேவசித்தம் என்றார்கள். பேராசிரியர் மட்டும் அதைச் சொல்லவில்லை. வெகுநேரம் கைத்தடியை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, "தண்ணி பிள்ளைக்குத் தேவையில்லைம்மா. கடவுளுக்கு அந்தப் பிள்ளையைத் தெரியும். தண்ணி நமக்குத்தான் தேவை" என்றார். எனக்குத்தானே தேவையாக இருந்தது, நான்தானே கேட்டேன் என்று அவள் மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

அவளால் தாங்க முடியாத விஷயம் ஒன்று இருந்தது. வாத்தியாருக்குப் பதில் தெரியும். தெரியும் என்பது அவளுக்குத் தெரியும். வயிற்றையே மேசையாக்கி அவருடைய பாடக் குறிப்புகளை அதன்மேல் பரப்பி வைத்துக்கொண்டு, கால்களை முக்காலியில் நீட்டியபடி, தேர்வுக்கு அவரைக் கேள்வி கேட்டவள் அவள்தான். சாகக் கிடக்கிற பிள்ளைக்கு, போதகர் பக்கத்தில் இல்லாத நேரத்தில், யார் ஞானஸ்நானம் கொடுக்கலாம்? வாத்தியார் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டே சொன்னார்: விசுவாசி யாராக இருந்தாலும் கொடுக்கலாம். இவ்வளவு சுலபமான கேள்வியெல்லாம் கேட்பார்களா என்று அவள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அந்தத் தாளில் அவர்தான் வகுப்பில் முதல்.

படிப்பு முடிகிற பருவம் வந்தது. தேர்வுகளுக்குப் பிறகு பேராயர் முன்னால் நேர்முகம். கணவன் மனைவி இருவரும் சேர்ந்து உட்கார வேண்டும். மனைவியைப் பார்த்து, உனக்கும் இந்த அழைப்பில் பங்கு உண்டா என்று கேட்பார்கள். அவள் வாயிலிருந்து ஆமாம் வந்தால்தான் குருப்பட்டம், சபை, வீடு எல்லாம். அவள் அண்ணனுக்குப் போன் செய்து, செய்முறைத் தேர்வுக்கு மறுநாள் வண்டி எடுத்துக்கொண்டு வரச் சொன்னாள். வாத்தியாரிடம், அம்மாவோடு கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறவள் தையல் கத்தரிக்கோலையும் குளிர்காலச் சால்வையையும் பெட்டியில் வைக்கமாட்டாள். கண்ணாடிக் கடையில் வேலையை விடுவதாகவும் சொல்லமாட்டாள். பெட்டி திறந்தே கிடந்தது. வாத்தியார் அதைத் தாண்டித்தான் தினமும் புத்தக அலமாரிக்குப் போனார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்காமல் இருந்ததும் அவளுக்குக் கோபமாகத்தான் இருந்தது.

தேர்வு நாளன்று காலையில் பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டி, நீ வரவேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாள். பிள்ளை போனதிலிருந்து எல்லோரும் வாய்விட்டுச் சொல்லாமலே அவளை ஞானஸ்நான வகுப்புகளிலிருந்து தள்ளி வைத்திருந்தார்கள். அந்தக் கரிசனம்கூட முள்ளாய்க் குத்தியது. இதுதானே கடைசி, வருகிறேன் என்று அவள் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள்.

கல்லூரியின் சிற்றாலயத்தில் தேர்வு. பேராசிரியர் ஒரு பழைய பிஸ்கட் டின்னில் சீட்டுகளைப் போட்டுக் குலுக்குவார். எந்த ஆராதனை வருகிறதோ அதை அங்கேயே நடத்த வேண்டும். முதலில் வந்தவருக்குத் திருமணம். பதற்றத்தில் மணமகனையும் தோழனையும் மாற்றிப் பிடித்து நிறுத்திவிட்டார். சபையார் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். அடுத்தது வாத்தியார். சீட்டைப் பிரித்தார். பார்த்தபடியே நின்றார். பேராசிரியர் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு, சீட்டை வாங்கி மறுபடி டின்னுக்குள் போடப் போனார்.

"வேற எடுங்க வாத்தியாரே. ஒண்ணும் தப்பில்லை."

வாத்தியார் பதில் சொல்லுமுன் அவள் எழுந்துவிட்டாள். அக்காவின் மடியில் கிடந்த மொட்டையனை எடுத்துக்கொண்டாள். அக்கா விடாமல் ஒரு நிமிடம் அவன் அங்கியைப் பிடித்தாள். "வேணாம்டி" என்றாள். இந்தத் தடவை நிஜமாகவே மெதுவாக. அவள் மொட்டையனைத் தோளில் சாய்த்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் போய் நின்றாள்.

மணல் பையின் கனம் கையில் இறங்கியது. இவன் என் பிள்ளையைவிடக் கனம் என்று அவளுக்குத் தோன்றியது. நீலப் பூக்கள் துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தன. இதே துணியில் வெட்டிய சட்டையைப் போட்டுத்தான் அவள் பிள்ளையை அனுப்பினார்கள்.

வாத்தியார் புத்தகத்தைத் திறந்தார். தொடக்க ஜெபம் தடங்கலில்லாமல் வந்தது. கணக்குப் பாடம் நடத்துகிற குரல். ஒவ்வொரு வரியும் அளவோடு. பெற்றோருக்கான கேள்விகளைக் கேட்டார். அவள் பதில்களைச் சொன்னாள். கிண்ணம் காய்ந்து கிடந்தது, அடியில் ஒரு பழைய வெள்ளைக் கறையோடு. பிறகு அந்த வரி வந்தது. அதை அவர் புத்தகத்தைப் பார்க்காமலே கேட்டார்.

"இந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லுங்கள்."

அந்த இடத்துக்கு அவள் எதையும் தயார் செய்துகொண்டு போகவில்லை. அக்கா மாதிரி ஏதோ ஒன்றைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கலாம். ஆனால் அவரைக் குத்த வேண்டும் என்று இருந்தது. இத்தனை மாதமாக வாயில் அடக்கி வைத்திருந்ததை, நீ எதைச் செய்யாமல் ஓடினாயோ அதன் முன்னால் உன்னை நிறுத்துகிறேன், இப்போது என்ன செய்வாய் என்பதுபோல, அவள் பெயரைச் சொன்னாள்.

தெளிவாகச் சொன்னாள். ஆலயத்தில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியாது. ஆனாலும் யாரும் சிரிக்கவில்லை.

வாத்தியாரின் கை கிண்ணத்துக்குள் இருந்தது. விரல்கள் அடியைத் தொட்டுக்கொண்டு அப்படியே நின்றன. பேராசிரியர் கைத்தடியை ஊன்றிப் பாதி எழுந்தார்; விதி மீறப்பட்டுவிட்டது, நிறுத்த வேண்டும். வாத்தியார் கையை வெளியே எடுத்தார். பொம்மையை அவளிடமிருந்து வாங்கவில்லை. புத்தகத்தின் பக்கங்களைப் புரட்டினார். ஞானஸ்நானம் தாண்டியது, திருமணம் தாண்டியது. கடைசியில் எங்கோ நிறுத்தினார். அது பிள்ளைகளை அடக்கம் செய்கிற இடம் என்பது பேராசிரியருக்குத் தாள்களின் தடிமனைப் பார்த்தே தெரிந்தது. அவர் உட்காரவில்லை. முழுதாக எழுந்து நின்றார். பின்னால் எல்லோரும் எழுந்தார்கள்.

"எங்கள் பிதாவே" என்று வாத்தியார் தொடங்கினார். கணக்கு வாத்தியாரின் குரல் அதில் இல்லை. "உம்முடைய பிள்ளையும் எங்கள் பிள்ளையுமான…" என்று சொல்லி, நின்று, மூச்சை இழுத்து, அந்தப் பெயரைச் சொன்னார். புத்தகத்தில் பெயர் வருகிற இடத்திலெல்லாம் சொன்னார். வராத இடத்திலும் சொன்னார். எங்களோடு இருந்த கொஞ்ச நேரத்துக்காக உமக்கு நன்றி என்றார். அது புத்தகத்தில் இல்லை. புத்தகத்தை மூடி நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றார். அக்காதான் ஆமென் சொன்னாள்.

பேராசிரியர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "இதைத் தவறுன்னு எழுதித்தான் ஆகணும் வாத்தியாரே. சீட்டுல வந்தது வேற, நீங்க நடத்தினது வேற. அடுத்த வாரம் மறுபடி வாங்க" என்றார். பிறகு, அவள் பக்கம் திரும்பாமல், "பேர் நல்லா இருக்கும்மா" என்றார்.

குடியிருப்புக்குப் போகிற பாதை விளையாட்டுத் திடலை ஒட்டிப் போகும். இருவரும் அதன் வழியே நடந்தார்கள். மொட்டையனை அக்கா ஆலயத்திலேயே வாங்கிக்கொண்டிருந்தாள். ஆனாலும் வாத்தியாரின் மனைவிக்குக் கைகள் இன்னும் பிள்ளையை ஏந்தியபடி மடங்கியே இருந்தன. பாதி வழி போனதும் வாத்தியார் நின்றார்.

"அன்னைக்கு எனக்குத் தெரியாம இல்லை" என்றார்.

"தெரியும். நான்தானே கேள்வி கேட்டேன்."

"டம்ளரைக் கையில எடுத்தா, அவன் போயிடுவான்னு நானே ஒத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு. முதல்வரைக் கூப்பிடப் போனா, அவர் வர்ற வரைக்கும் இருப்பான்னு…" அவர் கையை விரித்தார். "ஓடிக்கிட்டிருந்தா நேரம் இருக்குன்னு அர்த்தம். அவ்வளவுதான் நினைச்சேன். உன்னைத் தனியா விட்டுட்டுப் போறேன்னு தோணவே இல்லை."

அவள் திடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விசுவாசி யாராக இருந்தாலும் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கு இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துக்கொண்டே அவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். அதை அவள் இத்தனை நாளாக நினைக்காமல் இருக்கப் பாடுபட்டிருந்தாள். தாய்கூடக் கொடுக்கலாம் என்று சொன்னார். டம்ளர் அவள் கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. அவர் ஓடின பிறகு பிள்ளை அவள் விரலைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த மனிதர் ஒரு தடவைகூட அதைச் சொல்லிக் காட்டவில்லை. முகம் பார்க்காமல் அவள் தட்டை வைத்த நாட்களிலும் சொல்லவில்லை.

"நானும் ஊத்தியிருக்கலாம்" என்றாள். "எனக்கும்தானே பதில் தெரியும். நீங்க யாரையோ கூப்பிடப் போனீங்க. நான் உங்களுக்காகக் காத்துக்கிட்டு இருந்தேன்."

"உன்னால எழுந்திருக்கக்கூட முடியலை."

"எழுந்திருக்க வேண்டாம். கை நீட்டினாப் போதும்."

வாத்தியார் அவள் மடங்கிய கையைப் பிடித்தார். அவள் விடுவித்துக்கொள்ளவில்லை. அப்படியே நின்று இருவரும் அழுதார்கள். பிள்ளை போனதிலிருந்து அவர்கள் ஒரே நேரத்தில் அழுதது அதுதான் முதல் தடவை.

மறுநாள் அண்ணன் சொன்னபடி வந்தான். பெட்டி மூடித் தயாராக இருந்தது. அவள் போக வேண்டாம் என்று முடிவு செய்திருப்பாள் என அக்கா எதிர்பார்த்து வராந்தாவில் நின்றிருந்தாள். அவள் போகத்தான் செய்தாள். ஒரு ஜெபத்தில் ஆறிவிடுகிற புண்ணா அது? அம்மா மடியில் கொஞ்ச நாள் படுக்க வேண்டும். குடியிருப்பு வீட்டில் அடுப்பும் கட்டிலும் இன்னும் அந்தப் பேசாத நாட்களில் இருந்தபடியேதான் இருந்தன. வாத்தியார் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி இறங்கினார். கனத்திலேயே உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வண்டியில் வைத்துவிட்டு, கதவைச் சாத்தாமல் நின்றார்.

"நேர்முகம் எப்ப?" என்று அவள் கேட்டாள்.

"அடுத்த மாசக் கடைசி. நீ இப்ப அதையெல்லாம் யோசிக்காதே."

"அதுக்கு முன்னாடி வந்து கூப்பிடுங்க. அன்னைக்கு வருவேனா மாட்டேனான்னு இப்பத் தெரியலை. ஆனா வந்து கூப்பிடுங்க." கதவின் விளிம்பைப் பிடித்திருந்த அவர் விரல்களைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "நீங்களே வரணும். யாரையும் அனுப்பக் கூடாது. யாரையும் கூட்டிட்டும் வரக் கூடாது."

வாத்தியார் தலையாட்டினார். கதவைச் சாத்தினார். வண்டி வளைவில் திரும்பும்வரை அவர் அங்கேயே நின்றது பக்கக் கண்ணாடியில் தெரிந்தது.

அண்ணன் பேச்சுக்காரன் இல்லை. பிள்ளை போனபோதும் வந்து, சுவரோரம் நின்றுவிட்டுத் திரும்பியவன். பெரிய சாலையில் ஏறி வெகுதூரம் போன பிறகு, கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமலே கேட்டான்.

"அவனுக்கு என்ன பேர் வெச்சிருந்தீங்க?"

அவள் சொன்னாள். இரண்டாவது தடவை சொல்வது கொஞ்சம் சுலபமாக இருந்தது. அண்ணன் அதைத் தனக்குத்தானே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டான்.

"யார் மாதிரி இருந்தான்?"

இத்தனை நாளில் அதை அவளிடம் யாருமே கேட்டதில்லை. அவள் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டாள். காற்று முகத்தில் அடித்தது.

"மூக்கு அவரை மாதிரி" என்றாள். "விரல் என்னை மாதிரி. நீளம்."